நெகிழ்வு யார் கையில் இருக்கிறது?

ஏப்ரல் மாதம் பிறந்ததும் பல தனியார் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஒரு படிவம் வந்து சேரும். உணவு அட்டைக்கு மாதம் எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு, தொலைபேசிக்கும் இணையத்துக்கும் எவ்வளவு, புத்தகங்களுக்கு எவ்வளவு, உடற்பயிற்சிக்கூடக் கட்டணம் வேண்டுமா, விடுமுறைப் பயணப்படி வேண்டுமா என்று அது வரிசையாகக் கேட்கும். தமக்கு வேண்டியவற்றை ஊழியரே தெரிவு செய்துகொள்ளலாம். இதற்கு 'நெகிழ்வுச் சலுகைத் திட்டம்' என்று பெயர். அலுவலகப் பேச்சில் சுருக்கமாக 'ஃப்ளெக்ஸி'.

மனிதவளத் துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவன் நான். இத்தகைய படிவங்களை நிரப்பியும் இருக்கிறேன், வடிவமைத்தும் இருக்கிறேன். சென்னைப் புறநகரில் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் முதன்முதலாக அப்படியொரு படிவத்தை அறிமுகப்படுத்தியபோது, அதில் பதினொரு இனங்களைச் சேர்த்திருந்தோம். எங்களுக்குப் பெருமிதமாகவே இருந்தது. மூன்றாம் நாள் கணக்குப் பிரிவைச் சேர்ந்த பெண் ஊழியர் ஒருவர் என் அறைக்கு வந்தார். படிவம் நிரப்பப்படாமல் அவர் கையிலேயே இருந்தது.

"சார், இதில் எனக்கு எதுவும் வேண்டாம். காலையில் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து, மாலையில் அந்த நேரத்தை ஈடுசெய்ய அனுமதி கிடைக்குமா? பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார்.

"படிவத்தில் அதற்கு இடமில்லையேம்மா" என்றேன்.

உண்மையில் அதற்கு இடமில்லைதான். ஆனால், அந்தப் படிவத்தை எழுதியவர்களுள் நானும் ஒருவன். ஆறு மாதங்களில் அவர் வேலையிலிருந்து விலகிக்கொண்டார். விலகல் கடிதத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று குறிப்பிட்டிருந்தார். அதை ஏற்றுக் கையொப்பமிட்டவனும் நான்தான். சலுகைகள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்தக் கடிதம் என் நினைவுக்கு வருகிறது. பதினொரு வகைச் சலுகைகளை அளித்த நிறுவனத்தால் நாற்பத்தைந்து நிமிடங்களை ஏன் நகர்த்த முடியவில்லை?

சலுகை வந்த வழி

ஊதியத்துக்கு அப்பாற்பட்ட நலன்களை ஊழியர்களுக்கு வழங்குவது இந்தியாவுக்குப் புதிதன்று. ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலை 1912-ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தது. 1915-இல் இலவச மருத்துவ உதவியும், 1920-இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பும், 1928-இல் மகப்பேறு உதவியும் அங்கு வந்தன. இவற்றுள் பல பின்னாளில் நாடு முழுமைக்குமான சட்டங்களாயின. அந்தப் பட்டியலில் எட்டு மணி நேர வேலை முதலிடத்தில் இருப்பது கவனத்துக்குரியது. நேரம்தான் முதல் சலுகையாக வந்திருக்கிறது.

சீட்டு வடிவிலான சலுகையின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், பிரிட்டனில் மதிய உணவுச் சீட்டுகளுக்கு வரிச் சலுகை அளிக்கப்பட்டது. சொந்தமாக உணவகம் நடத்த இயலாத நிறுவனங்களின் ஊழியர்களும் வெளியே சாப்பிட அது வழி செய்தது. சிறிது காலத்திலேயே அதன் உச்சவரம்பு மூன்று ஷில்லிங், அதாவது இன்றைய 15 பென்ஸ் என்றாயிற்று. அதன்பின் விலைவாசி எங்கோ போய்விட்டது; வரம்பு மட்டும் அசையவில்லை. கடைசியில் ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாத அந்தச் சலுகையை 2013-இல் அரசு விலக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம் 'சிற்றுண்டிச்சாலைத் திட்டம்' எனப்படும் முறைக்கு வழி திறந்தது. உணவகத்தில் தட்டை ஏந்தி வேண்டியதை எடுத்துக்கொள்வதுபோல, ஊழியர் ரொக்கத்தையோ வரியில்லாத சலுகையையோ தேர்ந்தெடுக்கலாம் என்பதால் இந்தப் பெயர். அங்கு மருத்துவக் காப்பீட்டைப் பெரும்பாலோர் நிறுவனத்தின் வழியாகவே பெறுகின்றனர். ஆகவே, அந்தத் தட்டில் முதன்மையான பண்டமாக மருத்துவமே இருந்தது. இந்தியாவுக்கு வந்தபோது தட்டு அப்படியே வந்தது, பண்டங்கள் மாறிவிட்டன. இங்கு அது பெரும்பாலும் வரி சேமிக்கும் உத்தியாகவே வேர்விட்டது.

கூடைக்குள் இருப்பது யாருடைய பணம்?

நெகிழ்வுச் சலுகை பற்றிப் பொதுவாசகர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பெரும்பாலான நிறுவனங்களில் அந்தச் சலுகைத் தொகை ஊதியத்துக்கு மேல் கூடுதலாகத் தரப்படுவதன்று. ஆண்டு மொத்தச் சம்பளம் என்று நியமன ஆணையில் குறிக்கப்படும் தொகைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. சம்பளத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கூடையில் போட்டு, 'இதைப் பல தலைப்புகளில் பிரித்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். ஆண்டு முடிவுக்குள் உரிய ரசீதுகளைக் கொடுத்தால் வரி விலக்கு. கொடுக்கத் தவறினால் அதே தொகை வரி பிடிக்கப்பட்டுக் கைக்கு வரும். தம்முடைய பணத்தைத் தாமே பெறுவதற்கு ஊழியர் ஜனவரி மாதம் முழுவதும் பெட்ரோல் ரசீதுகளைத் தேடிக்கொண்டிருப்பதை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

இதனால் பயன் பெறுபவர் யார்? உணவு அட்டையையே எடுத்துக்கொள்வோம். 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளின்கீழ், வேலை நேரத்தில் உண்ணும் உணவுக்கான சீட்டில் ஒரு வேளைக்கு ரூ.50 வரை விலக்கு என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. நாளுக்கு இரு வேளை, மாதம் 22 நாள்கள் என்று கணக்கிட்டால் மாதம் ரூ.2,200, ஆண்டுக்கு ரூ.26,400. முப்பது விழுக்காடு வரி செலுத்தும் உயர் அதிகாரிக்கு இதனால் மேல்வரி நீங்கலாக ரூ.7,920 மிச்சம். ஐந்து விழுக்காடு வரி வரம்பில் இருக்கும் இளநிலை ஊழியருக்கு ரூ.1,320. வரி வரம்புக்குள்ளேயே வராத அலுவலக உதவியாளருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு எஞ்சியதெல்லாம் ரொக்கமாக வர வேண்டிய பணம் அட்டையாக வந்ததுதான். தெருமுனைத் தள்ளுவண்டிக் கடையில் இட்லி வாங்க அந்த அட்டை உதவாது. வசதி மிகுந்தவருக்கு மிகுதியாகவும் வசதி குறைந்தவருக்குக் குறைவாகவும் பயன்படும் ஒன்றை ஊழியர் நலம் என்று எப்படிச் சொல்வது?

2020-இல் புதிய வருமான வரி முறை அறிமுகமானபோது இந்தக் கணக்கும் ஆட்டம் கண்டது. அதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி, விடுமுறைப் பயணப்படி, உணவுச் சீட்டு ஆகியவற்றின் விலக்குகள் இல்லை என்றாயிற்று. 2023-24 நிதியாண்டு முதல், ஊழியர் வேறு தெரிவைச் சொல்லாவிட்டால் புதிய முறையே பொருந்தும் என்று விதி மாறியது. 2025-26 நிதியாண்டில் அந்த முறையில் ரூ.12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை என்ற நிலையும் வந்தது. வரி மிச்சம் என்ற அச்சாணி கழன்ற பிறகும் பல நிறுவனங்களில் பழைய கூடை அப்படியே தொடர்ந்தது. படிவத்தில் கையொப்பமிடும் முன், அந்த ஆண்டின் விதியின்படி தமக்கு உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஒவ்வொருவரும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

சலுகை பெருக, ஊதியம் சுருங்க

கூடை பெரிதாக இருந்தால் அடிப்படை ஊதியம் சிறிதாக இருக்கும். இதன் விளைவு மாதச் சம்பளத்தில் தெரியாது. வேலையை விட்டு வெளியேறும் நாளில் தெரியும். பணிக்கொடை என்பது கடைசியாகப் பெற்ற ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணிபுரிந்த ஆண்டுகளாலும் பெருக்கிக் கணக்கிடப்படுவது. மாதம் ரூ.40,000 பெறும் ஒருவருக்கு அடிப்படை ஊதியம் ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுப் பணிக்கு அவருக்குக் கிடைக்கும் பணிக்கொடை ஏறத்தாழ ரூ.80,800. அதே நபரின் அடிப்படை ஊதியம் ரூ.20,000 என்றிருந்தால் அந்தத் தொகை ரூ.1,15,400. வேலை ஒன்றுதான், மொத்தச் சம்பளமும் ஒன்றுதான். ஏட்டில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்பதால் மட்டும் ஏறத்தாழ ரூ.34,600 காணாமல் போகிறது. வருங்கால வைப்பு நிதியிலும் இத்தகைய இழப்பு நேரலாம்.

இதை நீதிமன்றமும் நாடாளுமன்றமும் கவனிக்காமல் இல்லை. எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாக வழங்கப்படும் படிகளைத் தனியே பிரித்து, அவற்றை வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலிருந்து விலக்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டம், படிகளும் பிற விலக்குகளும் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதித் தொகை ஊதியமாகவே கருதப்படும் என்று வரையறுத்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ரூ.14,000 என்பது கணக்கின்போது ரூ.20,000 ஆக உயர்வது இந்த வரையறையால்தான். சலுகை என்ற பெயரில் ஊதியத்தை மெலியச் செய்யும் வழி இதனால் குறுகியிருக்கிறது. அது முற்றிலும் அடைபட வேண்டுமானால் ஊழியர்கள் தங்கள் சம்பளப் பட்டியலை வாசிக்கப் பழக வேண்டும்.

நாற்காலிக்கு எழுபத்து மூன்று ஆண்டுகள்

'வாழ்க்கைமுறைச் சலுகை' என்ற சொல்லாட்சியைக் கேட்கும்போதெல்லாம் 'யாருடைய வாழ்க்கைமுறை?' என்று கேட்கத் தோன்றுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் உணவகமும், 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. நின்றே வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றும் அது கூறியது. ஆனால், துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்த விற்பனையாளர்களை அந்தச் சட்டம் எட்டவில்லை. கேரளம் 2018-இல் இதற்கெனச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கினார்கள். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த நாற்காலி கடைத் தொழிலாளியிடம் வந்து சேர எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஒரே கட்டடத்தில் மேல்தளத்தில் இருப்பவருக்கு யோகா வகுப்பும், வாசலில் நிற்கும் காவலருக்கு உட்கார இடமில்லாத நிலையும் இருக்குமானால், அந்த நிறுவனத்தின் சலுகைப் பட்டியலை நாம் மீண்டும் வாசிக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் எங்கள் ஊழியர் அல்லர் என்று நிறுவனங்கள் சொல்லும். நானும் அவ்வாறு சொன்னதுண்டு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பத்து ஆண்டுகளாக நாள்தோறும் நமக்குக் கதவு திறந்துவிட்டவரிடம் அதைச் சொல்லும்போது மட்டும் நாக்குத் தடுமாறுகிறது.

பெண்களைப் பொறுத்தவரை 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் குறிப்பிடத்தக்கது. ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை அது 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றது. பணியின் தன்மை இடம்தருமானால், விடுப்புக்குப் பின்னர் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்றும் சொன்னது. ஓர் ஊழியரின் வாழ்க்கையில் நெகிழ்வு எங்கு தேவைப்படுகிறது என்பதை எங்கள் பதினொரு இனப் படிவத்தைவிட அந்தச் சட்டம் தெளிவாக அறிந்திருந்தது.

நேரத்தின் சாவி

நெகிழ்வு என்ற சொல்லைத் தமிழ்நாடு 2023-இல் வேறொரு வடிவில் எதிர்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கான ஒரு திருத்தம் நிறைவேறியது. வேலை நேரத்தை நெகிழ்வாக அமைத்துக்கொள்ளலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அது வழிவிடும் என்று தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அதில் எனக்குக் கிடைத்த பாடம் எளிது. நெகிழ்வு என்ற சொல்லுக்குத் தனியே ஒரு பொருளும் இல்லை; அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவும் சுமையாகவும் ஆகிறது. நிறுவனம் வேண்டும்போது ஊழியரின் நாளை நீட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் நெகிழ்வுதான். ஊழியர் தம் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம் என்றாலும் நெகிழ்வுதான். இரண்டுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் காலைப்பொழுது இருக்கிறது.

பிரிட்டன் இதற்கொரு நடைமுறையை உருவாக்கியிருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு கோரும் உரிமை, இளம் பிள்ளைகளின் பெற்றோருக்கு 2003-இல் அங்கு வழங்கப்பட்டது. 2014-இல் அது எல்லா ஊழியர்களுக்கும் விரிந்தது. 2024 ஏப்ரல் முதல், பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அப்படிக் கோரலாம். நிறுவனம் கோரிக்கையை மறுக்கலாம். ஆனால், சட்டம் வகுத்த காரணங்களுள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இரண்டு மாதங்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை இது. கேட்பதற்கு ஓர் இடமும் பதில் சொல்வதற்கு ஒரு கடமையும் இருக்கின்றன, அவ்வளவுதான். என் அறைக்கு வந்த அந்தப் பெண் ஊழியருக்கு அந்த இரண்டுமே இல்லை.

நேரத்தை நெகிழ்த்தினால் வேலை கெட்டுவிடும் என்ற அச்சத்தை நான் அறிவேன். ஒரு காலத்தில் அதை நானே பகிர்ந்துகொண்டவன். ஓடும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும், நோயாளியின் அருகில் இருக்கும் செவிலியருக்கும், பேருந்து ஓட்டுநருக்கும் நினைத்த நேரத்தில் வரும் வசதியைத் தர இயலாது என்பது உண்மையே. அவர்களுக்கும் வேறு வகை நெகிழ்வு உண்டு. அடுத்த மாத ஷிப்டு அட்டவணையை முன்கூட்டியே தெரிவிப்பது, சக ஊழியருடன் ஷிப்டை மாற்றிக்கொள்ள அனுமதிப்பது, அரை நாளை மேலும் பிரித்து இரண்டு மணி நேர விடுப்பாகத் தருவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவு பிடிக்காது. திட்டமிடும் உழைப்பு மட்டுமே தேவை.

படிவத்தை மாற்றி எழுதலாம்

இன்று அந்தப் படிவத்தை மீண்டும் எழுதும் வாய்ப்புக் கிடைத்தால் நான் நான்கு மாற்றங்களைச் செய்வேன். முதலாவது, அடிப்படை ஊதியத்தைக் கூடைக்காகக் குறைக்க மாட்டேன். சலுகை என்று அழைக்கப்படுவது ஊதியத்துக்கு மேல் வர வேண்டும். இரண்டாவது, படிவத்தின் முதல் வரியில் நேரத்தை வைப்பேன். வேலை தொடங்கும் நேரம், வீட்டிலிருந்து பணியாற்றும் நாள், குறுகிய நேர விடுப்பு ஆகியவற்றைக் கேட்டுவிட்டுத்தான் உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செல்வேன். மூன்றாவது, ரசீது கேட்கும் இனங்களைக் குறைத்து, பெற்றோருக்கும் பொருந்தும் மருத்துவக் காப்பீடு, பிள்ளைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்ப்பேன். நான்காவது, நாற்காலி, குடிநீர், சுத்தமான கழிப்பறை, உணவகம் ஆகியவை எந்தப் படிவத்திலும் இடம்பெறா. அவை காவலர், துப்புரவாளர் உள்பட அந்தக் கட்டடத்தில் உழைக்கும் எல்லாருக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டியவை.

தமிழில் நெகிழ்தல் என்ற சொல் வளைந்துகொடுப்பதை மட்டும் குறிப்பதில்லை. மனம் இளகுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். அன்று எனக்கு மனம் இளகாமல் இல்லை. விதியைக் காட்டி அதை அடக்கிக்கொண்டேன். அந்தப் பையன் இப்போது கல்லூரியை முடித்து வேலைக்குச் சேரும் வயதில் இருப்பான். அவனுக்கும் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஏப்ரல் மாதம் ஒரு படிவம் வரும். அதன் முதல் வரி எதைப் பற்றியது என்பதை முடிவு செய்யும் இடத்தில் இன்று இருப்பவர்களுக்காகவே இதை எழுதினேன்.